"கை நீட்டினானா?" என்று ஆரம்பிக்காதீர்கள்

பல வருடம் கணவனின் ஏச்சையும் பேச்சையும் தாங்கிவிட்டு ஒரு பெண் பிறந்த வீட்டுக்கு வந்தால், சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். இல்லை என்றால், "அப்புறம் என்ன, கொஞ்சம் கோபக்காரன், அவ்வளவுதானே" என்று முடித்துவிடுவார்கள். சட்டம் அப்படி முடிக்கவில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில், அவமானப்படுத்துவதும் குழந்தை இல்லை என்று குத்திக்காட்டுவதும்கூட வன்முறைதான்.

இதைவிடப் பெரிய தவறு, வெளியே வந்தாயிற்று, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பது. பல விஷயங்கள் வந்த பிறகுதான் தலைகாட்டும். கடைக்குப் போய் வந்தால், யாரும் கேட்காமலே பில்லை மேசையில் வைத்து இருபது ரூபாய்க்குக் கணக்குச் சொல்வாள். சமையலறையில் யார் கைதவறித் தட்டைப் போட்டாலும் "மன்னிச்சிடுங்க" என்பாள். எந்தப் புடவை வேண்டும் என்று கேட்டால், "நீங்களே எடுங்க". இதைப் பார்த்து 'அடக்கமான பொண்ணு' என்று மெச்சுகிறவர்கள் இருக்கிறார்களே, எனக்கு எரிச்சல் வருவது அவர்களிடம்தான். எதிரில் இருப்பவரின் முகம் மாறுவதற்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டே வாழ்ந்த மனசு, ஆபத்து போன பிறகும் அந்தக் காவலை விடுவதில்லை. தூக்கம் கெடும், திடீரென்று நெஞ்சு படபடக்கும், எதற்கும் லாயக்கில்லாதவள் என்ற நினைப்பு ஒட்டிக்கொள்ளும். இவை மாதக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோயிலுக்கும் போகட்டும், அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

சில நாள் அவனை நினைத்தே அழுவாள். "இன்னுமா அவன் நினைப்பு?" என்று சீறாதீர்கள். திட்டிய மறுநாள் பூ வாங்கி வந்து கெஞ்சிய நாட்களும் அந்த வாழ்க்கையில் உண்டு. அடுத்த நாள் மாறிவிடுவான் என்று நம்பவைத்து அவளை அங்கேயே நிறுத்தியது அந்த நாட்கள்தான்.

பெரியவர்கள் கூடி இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசுவது வேண்டவே வேண்டாம். அவன் முன்னால் அவளுக்கு வாய் வராது. ஆலோசகரையும் அவள் தனியாகவே பார்க்கட்டும்.

பாசத்தில் நடக்கும் தவறும் ஒன்று உண்டு. அவளுடைய ஏடிஎம் கார்டு, போன், வேலை எல்லாவற்றையும் அண்ணன் கையில் எடுத்துக்கொள்வது. அங்கே அவன் செய்ததும் ஏறக்குறைய அதுதானே? மகளிர் உதவி எண் 181, மனநல ஆலோசனைக்கு டெலி மனஸ் 14416. எண்ணைக் கொடுங்கள், எப்போது கூப்பிடுவது என்பதை அவளே முடிவு செய்யட்டும்.