மசாய் மாராவில் ஒரு நாள்: சிங்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் காலை 6 மணிக்கே ஜீப்பில் ஏறிவிடுங்கள். வெயில் ஏறியதும் சிங்கங்கள் நிழல் தேடிப் படுத்துவிடும், அப்புறம் பல மணி நேரம் அசையாது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம்தானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட வேண்டாம். அந்தப் புல்வெளி சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, திறந்த வண்டியில் விடியற்காலைக் குளிர் நன்றாகவே உறைக்கும்.

சிங்கத்தை நேராகத் தேடுவதைவிட மற்ற விலங்குகளின் பார்வையைக் கவனியுங்கள். ஒட்டகச்சிவிங்கியோ வரிக்குதிரைக் கூட்டமோ மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையில் உற்றுப் பார்த்தால், அங்கே புல்லுக்குள் ஏதோ பதுங்கியிருக்க வாய்ப்பு அதிகம். பிணந்தின்னிக் கழுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் இறங்கினாலும் அப்படித்தான். இன்ஜினை அணைக்கச் சொல்லிப் பொறுமையாகக் காத்திருங்கள்.

சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில்தான் வேட்டையாடும். ஜீப்புகள் மொய்த்தால் இரை தப்பிவிடும், குட்டிகள் பட்டினி கிடக்கும். தயவுசெய்து “இன்னும் கிட்டப் போங்க” என்று ஓட்டுநரை நெருக்காதீர்கள். நல்ல பைனாகுலர் ஆளுக்கொன்று இருந்தால் போதும்.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கென்யாவின் வனவிலங்குக் காப்பகங்களில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2020 முதல் தடை.