உணவு மாற்றியதும் பூனை வாந்தி எடுக்கிறதா? செய்ய வேண்டியதும் தவிர்க்க வேண்டியதும்

புது உணவு கொடுத்த ஓரிரு நாளில் பூனை வாந்தி எடுத்தால், பதறிப்போய் இன்னொரு பிராண்ட் வாங்கி வைப்பவர்களே அதிகம். நிலைமை சிக்கலாவது அங்கேதான். முதல் மாற்றத்துக்கே வயிறு பழகாத நிலையில் இரண்டாவது, மூன்றாவது என்று மாற்றிக்கொண்டே போனால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது கடைசிவரை பிடிபடாது. பூனை முன்பு எதைச் சாப்பிட்டு நன்றாக இருந்ததோ, அந்தப் பழைய உணவுக்கே முதலில் திரும்புங்கள்.

வெளியே வந்தது வாந்திதானா என்பதையும் கவனியுங்கள். வாந்தி வருவதற்கு முன் பூனை உதட்டை நக்கும், எச்சிலை விழுங்கும், சில பூனைகள் அடித்தொண்டையில் கத்தும். பிறகு உடலைத் தாழ்த்தி, வயிறு ஒட்டி ஒட்டி எழ, ஓங்கரிக்கும். விழுங்கியது செரிக்காமல் அப்படியே மேலே வரும் எதுக்களிப்பில் இந்தப் பாடு எதுவும் இருக்காது. சாப்பிட்ட சில நிமிடங்களில் தலையைக் குனியும். ட்ரை ஃபுட் துண்டுகள் உருக்குலையாமல், சளி பூசிய குழல் வடிவில் தரையில் விழும். பெரும்பாலும் அவசரமாக விழுங்கியதுதான் காரணம். புது உணவு மிகவும் பிடித்துவிட்டாலும் இப்படி நடக்கும். உணவை அகலமான தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பி வையுங்கள், அல்லது ஒரு வேளை உணவை இரண்டாகப் பிரித்து 20 நிமிட இடைவெளியில் கொடுங்கள். அப்படியும் நிற்கவில்லையென்றால் உணவுக்குழாயைப் பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

எல்லா வாந்திக்கும் உணவே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்:

- ஒரே நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி, அல்லது குடித்த தண்ணீர்கூட வயிற்றில் நிற்காத நிலை
- வாந்தியில் ரத்தம், அல்லது காபித்தூள் போன்ற கரும்பழுப்புத் துகள்கள்
- சோர்ந்து ஒளிந்துகொள்வது, வயிற்றைத் தொட்டால் வலியில் சுருங்குவது
- நூல், ரப்பர் எதையாவது விழுங்கிய சந்தேகம் (வாயிலோ ஆசனவாயிலோ நூல் நீட்டிக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது, குடல் அறுபடும்)
- லில்லிச் செடியைக் கடித்தது, மனிதர்களின் மாத்திரையைத் தின்றது
- ஆண் பூனை மலத்தட்டில் முக்கியும் சிறுநீர் வராமல் இருப்பது

முதல் நாள்

வாந்தி எடுத்தால் ஒரு நாள் முழுக்கப் பட்டினி போடச் சொல்லும் பழைய அறிவுரையை விட்டுவிடுங்கள். பூனை சாப்பிடாமல் இருந்தால் உடல் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், உயிரையே பறிக்கக்கூடியது. இரண்டு, மூன்று மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் போதும். பிறகு பழைய உணவில் ஒரு தேக்கரண்டி வையுங்கள். இரண்டு மணி நேரம் அது வயிற்றில் நின்றால் இன்னும் கொஞ்சம். அன்றைய உணவை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துவிடுங்கள். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். 24 மணி நேரமாக எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். குட்டிகளுக்கு அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

பழைய உணவு கையில் இல்லையென்றால் தோலும் எலும்பும் நீக்கிய கோழி நெஞ்சுக்கறியை உப்பு, மசாலா எதுவும் இல்லாமல் வேகவைத்துக் கொடுக்கலாம். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் என்பதால் அவை சேர்ந்த குழம்போ சூப்போ கூடாது. வெறும் கறியில் கால்சியம் போதாது, பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் வேகவைத்த தண்ணீரில் கரைந்து போய்விடும். அதனால் இரண்டு, மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீர்ச்சத்து குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஈறில் விரலை வைத்துப் பாருங்கள். ஈரமாக வழுக்கினால் நல்லது. பிசுபிசுத்து ஒட்டினால் உடலில் நீர் வற்றுகிறது, டிரிப்ஸ் தேவைப்படலாம். வீட்டில் இருக்கும் வாந்தி மருந்து, வயிற்று மருந்து எதையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

அளவில் நடக்கும் தவறு

புது உணவு கெட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று பாருங்கள். வீட்டுக்குள் வாழும் 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 முதல் 250 கலோரி போதும். 100 கிராம் ட்ரை ஃபுட்டில் பொதுவாக 350 முதல் 400 கலோரி இருக்கும். அதே எடை வெட் ஃபுட்டில் பெரும்பாலும் 80 முதல் 100 தான். ஆக, 60 கிராம் ட்ரை ஃபுட்டுக்கு ஈடு ஏறக்குறைய 250 கிராம் வெட் ஃபுட். வெட் ஃபுட் வைத்த அதே கிண்ணம் நிறைய ட்ரை ஃபுட்டைக் கொட்டினால் வயிறு தாங்காது. கப்பை நம்பாமல் தராசில் நிறுத்துக் கொடுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டின்னை அப்படியே வைப்பதாலும் சில பூனைகள் உடனே கக்கிவிடும், வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள்.

மீண்டும் மாற்றும் முறை

நான்கைந்து நாள் வாந்தி இல்லாமல், மலமும் உருண்டு திரண்டு வந்த பிறகே புது உணவைத் தொட வேண்டும். சாதாரணப் பூனைக்கு 7 முதல் 10 நாளில் கால், அரை, முக்கால், முழுதும் என்று மாற்றுவது வழக்கம். ஒருமுறை வாந்தி எடுத்த பூனைக்கு அந்த வேகம் ஆகாது. பத்து சதவீதத்தில் தொடங்கி இரண்டு நாளுக்கு ஒருமுறை இன்னொரு பத்தைக் கூட்டுங்கள். தினம் 60 கிராம் சாப்பிடும் பூனைக்கு முதல் இரண்டு நாள் பழையது 54, புதியது 6; அடுத்த இரண்டு நாள் 48, 12. இப்படியே போனால் சுமார் 20 நாளில் முழுதும் மாறிவிடும். நடுவில் வாந்தி எடுத்தால் முந்தைய அளவுக்கு இறங்கி மூன்று நாள் நின்று, பிறகு ஏறுங்கள். இரண்டு முறை முயன்றும் அதே கட்டத்தில் வாந்தி வருகிறதா? அந்த உணவை விட்டுவிடுங்கள்.

இந்த நாட்களில் வேறு எதையும் மாற்றக் கூடாது. குடற்புழு மருந்து, புது ஸ்நாக்ஸ், பால் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பதால் பாலை ஒரேயடியாக நிறுத்தினாலும் நஷ்டமில்லை. இன்னொன்று, குமட்டலோடு இருக்கும் பூனையின் முன் உணவை வைத்துக் கட்டாயப்படுத்தாதீர்கள். அந்த வாசனையை வாந்தியோடு சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு, குணமான பிறகும் அதைத் தொடாது.

ஒவ்வாமையா என்று கண்டுபிடிப்பது

முதல் நாளே வரும் வாந்தி பெரும்பாலும் திடீர் மாற்றத்தாலோ, கொழுப்பு கூடியதாலோ வருவது. ஒவ்வாமைக்கு உடல் அந்தப் புரதத்தை முன்பே சந்தித்திருக்க வேண்டும். அதனால் வருடக்கணக்காகச் சாப்பிட்ட உணவே காரணமாக இருக்கலாம். பூனைகளுக்கு அதிகம் ஒவ்வாதவை மாட்டிறைச்சி, மீன், கோழி. தானியம் காரணமாவது அரிது. தானியமில்லாத உணவுக்கு மாறினால் போதும் என்று நம்பிக் காலம் கடத்தாதீர்கள். வாந்தியோடு தலை, கழுத்துப் பகுதியில் ஓயாத சொறிச்சலும் இருந்தால் சந்தேகம் வலுக்கிறது. ரத்தப் பரிசோதனை, எச்சில் பரிசோதனை முடிவுகளை நம்ப முடியாது. சந்தேகப்படும் உணவுகளை விலக்கி, வேறு ஒரே உணவை மட்டும் கொடுத்துப் பார்க்கும் விலக்கு உணவுச் சோதனைதான் ஒரே வழி.

பூனை இதுவரை தின்றிராத ஒரே புரதம் கொண்ட உணவு, அல்லது புரதத்தை நுண்ணிய துண்டுகளாக உடைத்த ஹைட்ரலைஸ்டு உணவு, இரண்டில் ஒன்றை மருத்துவர் எழுதிக் கொடுப்பார். கடையில் வாங்கும் ஒற்றைப் புரத உணவுகளில் லேபிளில் இல்லாத இறைச்சியும் கலந்திருப்பது உண்டு; சோதனைக்கு அவை உதவாது. வாந்தி, பேதி உணவால் வந்ததென்றால் இரண்டு, மூன்று வாரத்திலேயே குறையத் தொடங்கும். சொறிச்சல் அடங்க 8 முதல் 12 வாரம் ஆகும்.

சோதனை பெரும்பாலும் கெடுவது சின்னச் சின்ன விஷயங்களால்தான்: இறைச்சிச் சுவையூட்டிய மாத்திரை, மீன் எண்ணெய்க் காப்ஸ்யூல், வீட்டில் யாரோ பாசத்தோடு கொடுக்கும் ஒரு துண்டு மீன், பக்கத்துப் பூனையின் கிண்ணம். பல பூனைகள் இருந்தால் தனி அறையில் உணவு வைத்து, 20 நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

குணமானதும், சோதனைக்கு முன் சாப்பிட்ட உணவை மீண்டும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பலர் பயந்து இதைத் தவிர்க்கிறார்கள். ஆனால் காரணம் உறுதியாவது இதில்தான். இரண்டு வாரத்துக்குள் வாந்தி திரும்பினால் அந்த உணவுதான் குற்றவாளி. உடனே விலக்கு உணவுக்குத் திரும்பி, வயிறு அடங்கிய பிறகு ஒவ்வொரு புரதமாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கொடுத்துச் சோதியுங்கள். அந்த உணவைக் கொடுத்தும் வாந்தி திரும்பவில்லையென்றால் காரணம் உணவல்ல. ஏழெட்டு வயதைத் தாண்டிய பூனையென்றால் தைராய்டு, சிறுநீரகம், நாள்பட்ட குடல் அழற்சி ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாந்தி எடுத்த தேதி, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது, நிறம், வாராந்திர எடை எல்லாவற்றையும் எழுதி எடுத்துப் போங்கள். 4 கிலோ பூனை 200 கிராம் குறைந்திருந்தாலே மருத்துவர் அதைப் பெரிதாகத்தான் எடுத்துக்கொள்வார்.