'கெட்'டுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள்

ஆங்கில 'கெட்'டுக்கு அகராதியைப் புரட்டினால் பெறு, வாங்கு, ஆகு, அடை, புரிந்துகொள் என்று பொருள்கள் பக்கக்கணக்கில் நீளும். அவற்றை மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள். 'கெட்'டை அடுத்து என்ன சொல் வருகிறது என்று பார்த்தால் பாதி வேலை முடிந்தது.

பெயர்ச்சொல் வந்தால் பெரும்பாலும் பெறு, வாங்கு, கொண்டுவா. 'ஐ காட் எ லெட்டர்': எனக்குக் கடிதம் வந்தது. பெயரடை வந்தால் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது. 'இட்ஸ் கெட்டிங் டார்க்': இருட்டுகிறது. தமிழில் இதற்குத் தனி வினையே இருப்பதால்தான் 'கெட்' நமக்குச் சட்டென்று தோன்றுவதில்லை. இடம் வந்தால் போய்ச்சேர். நடுவில் 'டு' வேண்டும்: 'கெட் டு மதுரை'. 'ஹோம்', 'ஹியர்', 'தேர்' மூன்றுக்கும் அந்த 'டு' கூடாது.

அதிகம் சறுக்குவது முடிவெட்டில். 'முடி வெட்டிக்கொண்டேன்' என்பதை 'ஐ கட் மை ஹேர்' என்றால், கத்தரிக்கோலை எடுத்து நீங்களே வெட்டிக்கொண்டதாக அர்த்தம். தமிழின் 'கொள்' நாமே வெட்டுவதற்கும் பிறரை வெட்டச் சொல்வதற்கும் பொருந்தும், ஆங்கிலத்தில் ஒரே வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தாது. பிறரைக் கொண்டு செய்வித்தால் 'ஐ காட் மை ஹேர் கட்'. வரிசை முக்கியம்: முதலில் 'கெட்', பிறகு எதைச் செய்வித்தோமோ அது (முடி, பைக்), கடைசியில் வினையின் மூன்றாம் வடிவம். 'ஐ காட் தி பைக் ரிப்பேர்டு' சரி. 'ஐ காட் ரிப்பேர்டு தி பைக்' தவறு.

யாரை வைத்துச் செய்தோம் என்பதையும் சொன்னால் 'டு' நுழையும்: 'ஐ காட் ஹிம் டு ரிப்பேர் இட்'. இதே இடத்தில் 'மேக்' போட்டால் 'டு' வராது: 'ஐ மேட் ஹிம் ரிப்பேர் இட்'. பொருளும் மாறும். 'கெட்'டில் பேசிச் சம்மதிக்க வைத்த தொனி; 'மேக்'கில் வற்புறுத்தல்.

பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' என்பது இந்திய ஆங்கிலம். இங்கே யாருக்கும் புரியும். லண்டனில் 'கெட் ஆஃப்' என்பார்கள். பஸ், ரயில், விமானம் மூன்றுக்கும் 'ஆன்', 'ஆஃப்'. காருக்கு 'இன்', 'அவுட் ஆஃப்'.

'வேக் அப்' கண் விழிப்பது, 'கெட் அப்' படுக்கையை விட்டு எழுவது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம்கூட ஓடலாம்.