ஓடும் இணைய வானொலியை நிறுத்தாமல் வெளியீடுகளைத் திறப்பதும் மூடுவதும்: லிக்விட்சோப் வழிகாட்டி

கோத்தகிரியிலோ குன்னூரிலோ ஓர் அறையிலிருந்து இணைய வானொலி நடத்துபவருக்கு ஒரே ஓர் ஒலியோடை நெடுநாள் போதுவதில்லை. வழக்கமான நேயர்களுக்கு 128 கிலோபிட் ஓடை, சிக்னல் தேய்ந்து வரும் எஸ்டேட் லைன்களில் இருப்பவர்களுக்கு 32 கிலோபிட் ஓடை, ஹெத்தையம்மன் பண்டிகை நாட்களில் ஊர்ப் பெரியவர்கள் இசைந்தால் பேரகணியிலிருந்து நேரடியாக இன்னொன்று என்று தேவை கூடியும் குறைந்தும் வரும். ஒவ்வொரு முறையும் ஸ்கிரிப்டைத் திருத்தி மென்பொருளை மறுதொடக்கம் செய்தால், அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் ஒலி அறுபடும். நிலையம் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளியீடுகளை, அதாவது வெளியே அனுப்பும் ஓடைகளை, மட்டும் திறந்து மூடுவதற்கு லிக்விட்சோப்பில் வழி இருக்கிறது. அதை இங்கே பார்ப்போம்.

லிக்விட்சோப் என்பது பிரான்சின் லியோன் நகரில் மாணவர்கள் தொடங்கிய சாவோநெட் திட்டத்தில் பிறந்து, ஓகேமல் நிரல்மொழியில் எழுதப்பட்ட, ஒலியோடைகளை உருவாக்கி அனுப்பும் கட்டற்ற மென்பொருள். அதன் 2.0 பதிப்பு 2021ல் வந்தது. கீழே சொல்பவை 2 வரிசைப் பதிப்புகளுக்குப் பொருந்தும். கட்டளைப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். ஸ்கிரிப்டில் அவற்றைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் எழுத வேண்டும். ஒரு கட்டளையின் அளவுருக்களில் ஐயம் வந்தால், லிக்விட்சோப்பை ஹைஃபன் எச் என்ற தெரிவுடனும் அந்தக் கட்டளையின் பெயருடனும் இயக்கினால், நீங்கள் நிறுவியிருக்கும் பதிப்புக்கு உரிய விளக்கமே திரையில் வரும். இணையத்தில் கிடைக்கும் பழைய எடுத்துக்காட்டுகளை நம்புவதைவிட இது மேல்.

முதலில் ஒலி மூலத்தைத் தனியாகவும் உறுதியாகவும் அமைக்க வேண்டும். பிளேலிஸ்ட் ஒன்று, வெளியிலிருந்து அனுப்பப்படும் நேரலையை வாங்க இன்புட்.ஹார்பர் ஒன்று, இவை இரண்டும் இல்லாதபோது ஒலிக்க வட்டிலேயே இருக்கும் ஒற்றைக் கோப்பு ஒன்று. இம்மூன்றையும் ஃபால்பேக் கட்டளையில் முன்னுரிமைப்படி நேரலையை முதலில் வைத்து அடுக்கி, டிராக் சென்சிடிவ் என்பதை ஃபால்ஸ் ஆக்கினால், பாடல் முடியும்வரை காத்திராமல் நேரலை வந்த உடனே மாறிவிடும். நின்றுபோக வாய்ப்புள்ள மூலத்தை நேராக வெளியீட்டுக்குக் கொடுத்தால் லிக்விட்சோப் தொடங்கவே மறுக்கும். இது தொல்லையாகத் தோன்றினாலும் நல்ல பழக்கம். பிழையை நடு இரவில் காட்டாமல் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் லிக்விட்சோப்புக்கு நாம் தட்டச்சு செய்யும் கட்டளைகளைப் பெறும் டெல்நெட் சர்வரை செட்டிங்ஸ்.சர்வர்.டெல்நெட் என்பதை ட்ரூ ஆக்கி இயக்க வேண்டும். இயல்பாக அது 1234 என்ற போர்ட்டில், அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளுக்கு மட்டும் செவிகொடுக்கும். கடவுச்சொல் எதையும் அது கேட்காது என்பதால் அந்த முகவரியை வெளியுலகுக்குத் திறந்துவிடக் கூடாது. வெளியூரிலிருந்து இயக்க வேண்டுமானால் எஸ்எஸ்எச் என்னும் பாதுகாப்பான தொலை இணைப்பு வழியாக அந்தக் கணினிக்குள் நுழைந்த பிறகே டெல்நெட்டைத் தொட வேண்டும்.

வெளியீடுகளுக்கு இரண்டு முறைகள் உள்ளன. என்னென்ன ஓடைகள் தேவைப்படும் என்பது முன்பே தெரிந்திருந்தால், எல்லாவற்றையும், ஓடையை நேயர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் ஐஸ்காஸ்ட் சர்வருக்கு அனுப்பும் அவுட்புட்.ஐஸ்காஸ்ட் கட்டளை கொண்டு ஸ்கிரிப்டிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுத்து, இப்போது வேண்டாதவற்றில் ஸ்டார்ட் என்ற அளவுருவை ஃபால்ஸ் ஆக்கிவிடலாம். பண்டிகை ஓடைக்கு விழா என்று பெயரிட்டிருந்தால், டெல்நெட்டில் விழா.ஸ்டார்ட் என்றால் திறக்கும், விழா.ஸ்டாப் என்றால் மூடும், விழா.ஸ்டேட்டஸ் என்றால் நிலையைச் சொல்லும். சிறிய நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. நிரல் எழுதும் ஆர்வத்தில் பலர் இதைத் தாண்டி நேராக இரண்டாவது முறைக்குப் போய்விடுகிறார்கள்.

இரண்டாவது முறை, மவுண்ட் பெயர் (ஐஸ்காஸ்டில் ஓர் ஓடைக்கு உரிய முகவரி) முன்கூட்டித் தெரியாத நிலைமைக்கானது. மவுண்ட் பெயரைப் பெற்று வெளியீட்டை உருவாக்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) ஒன்றையும், அதை நீக்கும் செயற்கூறு ஒன்றையும் எழுதி, இரண்டையும் சர்வர்.ரெஜிஸ்டர் மூலம் டெல்நெட் கட்டளைகளாகப் பதிவு செய்ய வேண்டும். உருவாகும் ஒவ்வொரு வெளியீட்டையும் அதன் மவுண்ட் பெயரோடு இணைத்து ஒரு பட்டியலில் சேமிப்பதுதான் இதில் உயிர்நாடி. பட்டியலில் இல்லாத வெளியீட்டை, பிறகு ஷட்டவுன் செய்யப் பிடிமானமே இருக்காது. திறக்கும் செயற்கூறு, அதே பெயர் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இருந்தும் இன்னொன்றைத் திறந்தால், மவுண்ட் பயன்பாட்டில் உள்ளது என்று ஐஸ்காஸ்ட் 403 பிழையோடு திருப்பி அனுப்பும். மூடும் செயற்கூறு, ஷட்டவுன் செய்த கையோடு பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்துவிட வேண்டும். மின்வெட்டில் கணினி அணைந்தால் நினைவகத்தில் உள்ள இந்தப் பட்டியல் அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு மாற்றத்தின்போதும் மவுண்ட் பெயர்களை ஒரு கோப்பில் எழுதிவைத்து, தொடக்கத்தில் அதைப் படித்து அத்தனையையும் மீண்டும் திறக்கும்படி அமைப்பது மலையில் தவிர்க்க முடியாத வேலை.

லிக்விட்சோப்பில் அதிகம் கவனிக்கப்படாமல் போவது கிளாக் என்னும் காலக் கட்டுப்பாடு. தனியாகப் பிரிக்காதவரை மூலங்களும் வெளியீடுகளும் பொதுவாக ஒரே கிளாக்கில் ஓடும். தென்மேற்குப் பருவமழையில் கூடலூர் பக்கம் மரம் விழுந்து கேபிள் அறுந்தாலோ, ஒரு சர்வருக்கான இணைப்பு மட்டும் திணறினாலோ, அந்த ஒரு வெளியீடு தரவை அனுப்பக் காத்திருக்கும் நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மற்ற ஓடைகளும், வட்டில் பதிவாகும் ஒலிப்பதிவும்கூடப் பின்தங்கும். இத்தனை விநாடிகளை ஈடுகட்ட வேண்டும் என்ற எச்சரிக்கை லாக் கோப்பில் அடிக்கடி வந்தால் முதலில் இதைச் சந்தேகிக்க வேண்டும். இதற்குத் தீர்வு, ஒவ்வொரு ஐஸ்காஸ்ட் வெளியீட்டுக்கும் தரும் மூலத்தை, ஒலியைச் சிறிது சேமித்துவைக்கும் பஃபர் கட்டளையில் பொதிந்து, மூலம் நின்றால் அமைதியை ஒலிக்கும் எம்கேசேஃப் கொண்டு பாதுகாத்து, அந்த வெளியீட்டைத் தனி கிளாக்கில் வைப்பது. கிளாக்கைப் பிரிக்கும் கட்டளை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால், மேலே சொன்ன விளக்கத் திரையைப் பார்த்தே எழுதுங்கள். அறுந்த இணைப்பு எத்தனை விநாடிகளுக்குப் பிறகு மீண்டும் முயல வேண்டும் என்பதை ஆன் எரர் என்ற செயற்கூறு திருப்பித் தரும் எண் தீர்மானிக்கிறது.

இணைப்பின் கொள்ளளவையும் கணக்கிட வேண்டும். 128 கிலோபிட் ஓடை ஒன்று மணிக்கு 57.6 மெகாபைட்டை மேலேற்றும். ஒரே வீட்டு இணைப்பிலிருந்து ஐந்து வெளியீடுகள் என்றால் விநாடிக்கு 640 கிலோபிட் இடைவிடாமல் போகும். கேபிள் அறுந்து கைபேசி இணைப்புக்கு மாறும் நாளில் இது தாங்காது. ஆகவே மலையிலிருந்து ஒரே ஓர் ஓடையை வெளியூரில் உள்ள வாடகை சர்வருக்கு அனுப்பி, அங்கே இன்னொரு லிக்விட்சோப் அதை இன்புட்.ஹார்பரில் வாங்கி, திறந்து மூடும் வேலை முழுவதையும் அங்கேயே செய்வது நல்லது. நேயர்களின் கூட்டத்தைத் தாங்குவது ஐஸ்காஸ்டின் வேலை. அது கூடுவதால் லிக்விட்சோப்புக்குச் சுமை ஏறாது. ஒரே தரத்தில் பல மவுண்ட்கள் இருந்தால், எஃப்எஃப்எம்பெக் என்கோடரால் ஒருமுறை மட்டும் குறியாக்கம் செய்து, அதன் நகலை எல்லா வெளியீடுகளுக்கும் அனுப்பலாம். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் இது பெரிய உதவி.

ஐஸ்காஸ்ட் பக்கத்திலும் சில திருத்தங்கள் தேவை. அதனோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பில் மூலங்களின் உச்சவரம்பு 2 என்று இருக்கும்; மூன்றாவது வெளியீடு ஏன் மறுக்கப்படுகிறது என்று ஸ்கிரிப்டைத் துழாவுவதற்கு முன் அதை உயர்த்துங்கள். பண்டிகை ஓடையை மூடும்போது நேயர்கள் துண்டிக்கப்படாமல் முதன்மை ஓடைக்கு மாற வேண்டுமானால், அந்த மவுண்டுக்கு ஃபால்பேக் மவுண்ட் குறிக்க வேண்டும். இரண்டும் ஒரே வடிவத்தில், ஒரே பிட்ரேட்டில் இருந்தால்தான் மாற்றம் சிக்கலின்றி நடக்கும். புதிதாக இணைபவருக்கு ஐஸ்காஸ்ட் முதலில் மொத்தமாகத் தள்ளும் தரவு இயல்பாக 65,535 பைட். 128 கிலோபிட்டில் அது 4 விநாடி, 32 கிலோபிட்டில் 16 விநாடி. குறைந்த ஓடையில் கேட்பவர் பின்தங்கியே கேட்கிறார் என்று புகார் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். பாடல் தலைப்புகள் தமிழில் வராமல் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால், வெளியீட்டின் என்கோடிங் அளவுருவையும் ஐஸ்காஸ்டில் அந்த மவுண்டின் எழுத்துக் குறியாக்கத்தையும் யூடிஎஃப்-8 ஆக்குங்கள்.

மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுவது நல்லது. மூன்று ஓடைகளைத் திறந்து, அவற்றில் ஒன்றுக்கான சர்வரின் முகவரியை மட்டும் ஃபயர்வாலில் தடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் தனித்தனிக் கைபேசிகளில் பத்து நிமிடம் கேளுங்கள். அவை தடங்கலின்றி ஒலித்து, தடையை நீக்கியதும் மூன்றாவது தானாகவே மீண்டு வந்தால் கிளாக் பிரிப்பு சரியாக அமைந்திருக்கிறது. மற்றவையும் விக்கினால், எந்த வெளியீடு இன்னும் பொதுக் கிளாக்கில் இருக்கிறது என்பதை லாக் கோப்பில் தேடுங்கள்.