சிங்கக்குட்டியோட போட்டோ எடுக்கப் போறவங்க பண்ற தப்புகள்

தென்னாப்பிரிக்கா டூர் பேக்கேஜ்ல லயன் பிரீடிங் சென்டர் விசிட்னு ஒண்ணு சேர்ந்தே வரும், போர்டுல கன்சர்வேஷன்னு கொட்டை எழுத்துல போட்டிருப்பாங்க, அதை அப்படியே நம்பிடுறதுதான் முதல் தப்பு. அந்த நாட்டுப் பண்ணைகள்ல மட்டும் 8,000 சிங்கத்துக்கு மேல இருக்குன்னு கணக்கு சொல்றாங்க, ஆனா மனுஷன் கையில வளர்ந்த சிங்கத்துக்கு ஆளைக் கண்டா பயமே இருக்காது, அதைக் கொண்டுபோய் காட்டுல விட முடியுமா என்ன?

அடுத்தது குட்டியைத் தூக்கிக் கொஞ்சுறது. தாய் இல்லாத குட்டி, பால் குடுங்கன்னு பாட்டிலை நீட்டுவாங்க. எந்த மாசம் போனாலும் சின்னச் சின்னக் குட்டியா இருக்குன்னா அத்தனையும் எப்படிங்க அநாதையாகும்? பிறந்த கொஞ்ச நாள்லயே தாய்கிட்டேருந்து பிரிச்சிடுவாங்க, குட்டி பக்கத்துல இல்லைன்னா தாய் சீக்கிரமே மறுபடி சினையாகிடும், காட்டுல அதே குட்டி தாயோட ரெண்டு வருஷம் வரைக்கும் சுத்தும். பாவம், வாலண்டியர்னு வர்ற வெளிநாட்டுப் பசங்க இந்தக் குட்டிகளுக்குப் பால் குடுக்குறதுக்குக் கைக்காசு வேற கட்டுறாங்க. குட்டி வளர்ந்ததும் "சிங்கத்தோட வாக்கிங்", அதுக்கப்புறம் பல இடத்துல வேலிக்குள்ளயே காசு வாங்கிட்டு சுடவிடுறது, எலும்பு ஆசியாவுக்கு. 2018-ல 1,500 எலும்புக்கூடு ஏற்றுமதிக்கு அரசாங்கமே கோட்டா குடுத்துச்சு, அது சட்டப்படி செல்லாதுன்னு 2019-ல கோர்ட் சொல்லிடுச்சு. 2021-ல இந்தத் தொழிலையே நிறுத்தப் போறோம்னு அமைச்சர் அறிவிச்சாங்க, உடனே எல்லாம் மூடிடல.

வெள்ளைச் சிங்கம் அழிஞ்சிட்டு வர்ற தனி இனம்னு கைடு சொன்னா தலையாட்டாதீங்க, அது சாதாரண சிங்கம்தான், ஒரு ஜீன் செய்ற வேலை, அந்தக் கலருக்காகச் சொந்தத்துக்குள்ளயே சேர்த்து வளர்த்தா ஊனம்தான் வரும்.

கார் கண்ணாடியை இறக்காதீங்க. 2015-ல ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துல ஒரு லயன் பார்க்ல திறந்திருந்த ஜன்னல் வழியா பெண்சிங்கம் பாய்ஞ்சு ஒரு டூரிஸ்ட் செத்தே போனாங்க. வேலி ஓரத்துல குழந்தைங்களை ஓடவும் விடாதீங்க.

புக் பண்றதுக்கு முன்னாடி குட்டி போட விடுறீங்களா, விக்கிறீங்களா, தொட விடுவீங்களான்னு மெயில்ல கேளுங்க. தென்னாப்பிரிக்காவுலயே பெத்லஹேம்னு ஒரு ஊர்ப் பக்கம் இருக்குற லயன்ஸ்ராக் மாதிரி நிஜ சரணாலயத்துல மூணுமே கிடையாது. காட்டுச் சிங்கம்தான் வேணும்னா க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போங்க, ஜூன்லேருந்து செப்டம்பருக்குள்ள போனா புல்லு காஞ்சு கிடக்கும், தண்ணிக்கு வர்றதைப் பார்க்க ஈஸி.