யாருக்கு எதைத் திறப்பது? போஸ்ட்கிரெஸில் ஒரு பாதுகாப்புப் பயிற்சி

டேட்டா வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் முதலில் குவெரி (தரவைக் கேட்டு எடுக்கும் கட்டளை) எழுதக் கற்றுக்கொள்கிறார்கள். பாதுகாப்பு என்பது நிர்வாகியின் தலைவலி என்று ஒதுங்கிவிடுகிறார்கள். தரவைத் தொடும் எவரும் அப்படி ஒதுங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கதவைப் பூட்டியவர் வெளியே போய் நின்று ஒரு முறை தள்ளிப் பார்க்க வேண்டும். அந்தப் பழக்கம் வந்தாலே பாதி வேலை முடிந்தது.

உங்கள் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். பதினைந்தாம் பதிப்போ அதற்குப் பிந்தையதோ இருந்தால் நல்லது. அதற்கு முந்தைய பதிப்புகளில், உள்ளே நுழைந்த யாரும் ‘பப்ளிக்’ என்ற ஸ்கீமாவில் (டேபிள்களைத் தொகுத்து வைக்கும் பிரிவு) டேபிள் உருவாக்கலாம் என்பதுதான் இயல்பு நிலை. 2022-இல் வந்த பதினைந்தாம் பதிப்புதான் அதை மூடியது.

படி 1: ஒரு வாசகரை உருவாக்குங்கள்

பயிற்சிக்கு ‘வாடிக்கையாளர்’ என்று ஒரு டேபிள் போதும். பெயர், ஊர், தொலைபேசி எண் என மூன்று காலம்கள் (நெடுவரிசைகள்) வையுங்கள். பத்துப் பதினைந்து கற்பனை வரிசைகளைப் போடுங்கள். உண்மையான ஆட்களின் தரவைப் பயிற்சிக்கு எடுக்காதீர்கள், ஒரு வரிசைகூட வேண்டாம்.

அப்புறம் ‘கிரியேட் ரோல்’ கட்டளையால், லாகின் செய்யக்கூடிய ‘வாசகர்’ என்ற ரோலை (பயனர் கணக்கை) உருவாக்குங்கள். கடவுச்சொல்லை அந்தக் கட்டளையிலேயே எழுதினால் அது கட்டளை வரலாற்றிலும் சர்வர் லாக்கிலும் அப்படியே தங்கிவிடலாம். போஸ்ட்கிரெஸோடு வரும் கட்டளைத் திரையான பிஎஸ்கியூஎல்லில் பின்சாய்வுக்கோடு போட்டு ‘பாஸ்வேர்ட்’ என்றும் பக்கத்தில் ரோலின் பெயரையும் அடித்தால் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும், எழுத்து வெளியே தெரியாது.

இப்போது ‘கிராண்ட் செலக்ட்’ (படிக்கும் உரிமை) கொடுத்து அந்த டேபிளை மட்டும் வாசகருக்குத் திறந்துவிடுங்கள்.

படி 2: மறுக்கப்படுங்கள்

இந்தப் பயிற்சியின் உயிர் இந்தப் படிதான், அவசரப்படாதீர்கள். வாசகராகவே உள்ளே நுழைந்து ஒரு வரிசையை அழிக்கப் பாருங்கள். ‘பெர்மிஷன் டினைட் ஃபார் டேபிள்’ என்று பதில் வரும். அந்த வரி வந்தால்தான் உங்கள் பூட்டு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

சரி, அடுத்து நிர்வாகியாகத் திரும்பி, கொடுத்த உரிமையை ‘ரிவோக்’ செய்துவிட்டு (திரும்பப் பெற்றுவிட்டு), பெயர், ஊர் என்ற இரண்டு காலம்களுக்கு மட்டும் செலக்ட் கொடுங்கள். வாசகராக நுழைந்து ‘செலக்ட்’ போட்டு நட்சத்திரக் குறி வைத்தால் மொத்தக் குவெரியும் மறுக்கப்படும். தொலைபேசி எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காட்டாது. காலம் பெயர்களைச் சொல்லிக் கேட்டால் பதில் வரும்.

புதியவர்கள் அடிக்கடி இடறும் இடம் ஒன்று உண்டு. ஸ்கீமாவில் இருக்கும் எல்லா டேபிள்களுக்கும் சேர்த்து கிராண்ட் கொடுத்தாலும், அது அந்த நிமிடம் வரை இருக்கும் டேபிள்களுக்குத்தான். நாளை உருவாக்கும் டேபிளை வாசகரால் பார்க்க முடியாது. அதற்கு ‘ஆல்டர் டிஃபால்ட் பிரிவிலேஜஸ்’ என்று தனிக் கட்டளை இருக்கிறது. அதுவும் எந்த ரோலுக்காகக் கொடுத்தீர்களோ அந்த ரோல் உருவாக்கும் டேபிள்களுக்கு மட்டுமே பொருந்தும். இது புரியாத இடத்தில்தான் யாராவது சலித்துப்போய் சூப்பர்யூசர் (எந்தத் தடையும் இல்லாத ரோல்) உரிமையைத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.

படி 3: வாசலைப் பாருங்கள்

யார் எங்கிருந்து நுழையலாம் என்பது பிஜி_எச்பிஏ.கான்ஃப் கோப்பில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் மேலிருந்து படித்து, பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். கீழே எவ்வளவு கடுமையான வரி இருந்தாலும் பயனில்லை. ‘டிரஸ்ட்’ என்ற சொல் இருக்கும் வரிகளைத் தேடுங்கள், அங்கே கடவுச்சொல்லே கேட்கப்படாது. அவற்றை ‘ஸ்கிராம்-ஷா-256’ (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை) என்று மாற்றி, சர்வரை ரீலோட் செய்யுங்கள்.

2017 ஜனவரியில் இணையத்தில் கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடந்த மோங்கோடிபி (இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருள்) டேட்டாபேஸ்கள் ஆயிரக்கணக்கில் அழிக்கப்பட்டு, பணம் கேட்கும் குறிப்பு மட்டும் விட்டுவைக்கப்பட்டது. எந்த நுணுக்கமான திறமையும் அதற்குத் தேவைப்படவில்லை.

செயலியிலிருந்து குவெரி அனுப்பும்போது பயனர் தரும் எழுத்தைக் குவெரியோடு ஒட்டாதீர்கள், பாராமீட்டராக (தனி மதிப்பாக) அனுப்புங்கள். எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷனுக்கு முதல் மருந்து இதுதான்; பயனர் தரும் எழுத்தில் கட்டளையை ஒளித்து நுழைக்கும் தாக்குதல் அது.

படி 4: பேக்கப்பைத் திரும்ப ஏற்றுங்கள்

பிஜி_டம்ப் கட்டளையால் பேக்கப் எடுத்துவிட்டு, வேறொரு புதிய சர்வரில் அதை ரீஸ்டோர் செய்யுங்கள். டேபிள்கள் வந்துவிடும், ஆனால் ‘வாசகர்’ என்ற ரோலே இல்லை என்று பிழை வரும். ரோல்கள் ஒரு டேட்டாபேஸுக்குள் இல்லை, மொத்த சர்வருக்கும் பொதுவாக இருக்கின்றன. பிஜி_டம்ப் அவற்றை எடுப்பதில்லை. பிஜி_டம்ப்ஆல் கட்டளையில் ‘குளோபல்ஸ் ஒன்லி’ என்று சொல்லித் தனியாக எடுக்க வேண்டும். இத்தனை கவனமாக உரிமை கொடுத்த ரோல்கள் பேக்கப்பில் இல்லை என்பதை ரீஸ்டோர் செய்யாமல் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேபில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டா கோப்புறையை அழித்துவிட்டார். அப்போதுதான், பிஜி_டம்ப்பின் பதிப்பும் சர்வரின் பதிப்பும் பொருந்தாமல் பேக்கப் தோற்றுக்கொண்டே இருந்தது தெரிந்தது. அதைச் சொல்லும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது. நடந்ததை மறைக்காமல் அவர்கள் வெளியிட்ட அறிக்கை, இந்தத் துறைக்கு வரும் எவரும் தேடிப் படிக்க வேண்டியது.

படி 5: உங்களை வளர்த்துக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டு வையுங்கள். எந்த ரோலாக நுழைந்து எதை முயன்றீர்கள், எது மறுக்கப்பட்டது, எது மறுக்கப்படாமல் உங்களைத் திடுக்கிட வைத்தது என்று எழுதுங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட அந்த நோட்டிலிருந்து சொல்லும் இரண்டு விஷயங்கள் அதிகம் பேசும் என்று நம்புகிறேன்.

இன்னொன்று, பேசும் பழக்கம். சக ஊழியர் முழு உரிமை கேட்டால் ‘முடியாது’ என்று முகத்தில் அடிக்காதீர்கள். எந்த டேபிள், என்ன வேலை, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் அவருக்குத் தேவை ஒரு டேபிளில் செலக்ட் மட்டும்தான். அதை உடனே கொடுத்துவிடலாம், அவருக்கும் வருத்தம் இருக்காது.

இவ்வளவும் கைவந்தபின் ‘ரோ லெவல் செக்யூரிட்டி’ பக்கம் போங்கள். யார் எந்த வரிசையைப் பார்க்கலாம் என்பதை டேபிளிலேயே எழுதிவைக்கும் வசதி அது. சூப்பர்யூசருக்கு அந்த விதி பொருந்தாது. டேபிளின் உரிமையாளருக்கும், ‘ஃபோர்ஸ்’ போட்டாலொழிய, பொருந்தாது. ஆகவே அதை வாசகராக நுழைந்தே சோதியுங்கள்.