உருக்கிய செல்கள் பிழைக்க

திரவ நைட்ரஜன் தொட்டியில் உறைய வைத்து, எடுத்து உருக்கும் எச்எல்-60 (ஆய்வகத்தில் வளர்க்கும் மனித இரத்தப் புற்றுநோய்ச் செல் வகை) செல்களில் பாதி மறுநாளே செத்துக் கிடந்தன. உருக்கியவுடன், செத்த செல்களை மட்டும் நீலமாக்கும் ட்ரைபான் ப்ளூ சாயம் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் உயிரோடுதான் இருந்தன. சந்தேகம் உறைய வைக்கும் கலவையில் உள்ள 10 சதவீத டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) மேல் திரும்பியது. 1959 முதல் உறைபனியிலிருந்து செல்களைக் காக்கும் பொருள்தான். ஆனால் வெதுவெதுப்பில் நேரம் கடந்தால் அதுவே நஞ்சு. இந்தச் செல்லுக்கு இன்னொரு தொல்லை: டிஎம்எஸ்ஓ 1.25 சதவீதம் நாள்கணக்கில் தங்கினாலே நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு போல மாறிவிடும், பெருகாது.

இப்போது 37 டிகிரி நீரில் துளி பனி மிச்சமிருக்கும்போதே குழாயை எடுத்துவிடுகிறேன். அப்புறம் ஊடகத்தை (செல்களை வளர்க்கும் சத்து நீர்) சொட்டுச் சொட்டாகச் சேர்க்கிறேன். இதில் அவசரம் கூடாது, ஒரேயடியாக ஊற்றினால் செல்கள் வீங்கி வெடிக்கும். 200 ஜி-யில் (புவியீர்ப்பைப் போல 200 மடங்கு விசை) 5 நிமிடம் சுழற்றி, டிஎம்எஸ்ஓ கலந்த மேல்நீரை நீக்கிப் புது ஊடகம். உறைய வைக்கும்போதும் டிஎம்எஸ்ஓ கலவையைக் குளிரவைத்தே சேர்க்கிறேன். செல்கள் ஒழுங்காகப் பெருகுகின்றன.